எட்டாவது பள்ளியில் திர்சா சொன்னது

ஜெருசலேமில் பாரசீக யூதர் வீடுகளில் ஒரு பொய் பல காலமாகப் புழங்குகிறது. முப்பது வயதில் ஒருவன் கால் தடுக்கி விழ ஆரம்பித்தால், "முதுகுவலி" என்பார்கள். திர்சா யஸ்தியின் வீட்டிலும் அப்படித்தான். கம்பளச் சுருள்களைத் தோளில் தூக்கிப்போன மனூச்செஹர் சித்தப்பா சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும், அது முதுகுவலிதான். தசைகளைக் கரைக்கும் பரம்பரை நோய் என்ற உண்மையைச் சொன்னால் வீட்டுப் பெண்களுக்கு வரன் வராதே!

அந்தப் பொய்யின் மேல் இருந்த எரிச்சலில்தான், யூதர்களிடையே வரும் பரம்பரை நோய்களைப் பற்றி விழிப்புணர்வு செய்யும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் திர்சா பயிற்சிக்குச் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது. அங்கே எல்லாமே கெயுலா என்ற பெண்மணிதான். ஐம்பது வயது, கணீர்க் குரல், மேசையில் எந்நேரமும் ஏலக்காய் டீ. சேர்ந்த மாதமே திர்சா பரிசோதனை செய்துகொண்டாள். அவளுக்கு நோய் வராது, ஆனால் நோயின் மரபணு உடம்பில் இருந்தது. கெயுலாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.

"இதுல வெட்கப்பட என்ன இருக்கு, திர்சா ஜான், என் கண்ணு? உன்னைக் கட்டிக்கிறவனுக்கும் இருந்தாத்தான் ஆபத்து. இதை நீயே பள்ளிக்கூட மேடையில சொல்லு. நான் சொன்னா பொண்ணுங்க கொட்டாவி விடும். நீ சொன்னா நம்பும்."

சொன்னாள். ஏழு பள்ளிகளில், கெயுலா எழுதிக் கொடுத்த பேச்சோடு.

அந்தச் சமயத்தில்தான் தரகர் பட்யா ஒரு வரன் கொண்டுவந்தாள். பெயர் யோதாம், கெயுலாவின் தங்கை மகன். வழக்கப்படி ஓட்டல் வரவேற்பறையில் சந்தித்தார்கள், மூன்று முறை. மூன்றாவது முறை அவன் தன் பரிசோதனை முடிவையே கொண்டுவந்து நீட்டினான். அவனுக்கு ஒன்றுமில்லை. பிறக்கும் பிள்ளைக்கு அந்த நோய் வர வழியில்லை. நிச்சயத்துக்கு முன் பெண்ணைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். "வேற எங்கயும் போக வேண்டாம், உங்க பெரியம்மாகிட்டயே கேளுங்க" என்றாள் திர்சா. அவ்வளவு நம்பிக்கை.

ஒரு வாரம் கழித்துப் பட்யா போன் செய்தாள். "சரிப்படாதுன்னுட்டாங்கம்மா. பெரியம்மாதான் வேண்டாம்னாங்களாம். நான் சொன்னதாச் சொல்லாதே." யோதாம் பேசவே இல்லை. அவனுக்கும் வாய் இருந்தது என்பதைத் திர்சா மறக்கவில்லை.

மறுநாள் காலை கெயுலா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களா வேண்டாம்னீங்க?"

"உன்மேல ஒரு குறையும் இல்லடி. எங்க வம்சத்துல இதுவரைக்கும் இது இல்ல. நோய் வராட்டியும், நாளைக்கு அந்தப் பிள்ளைங்களும் இந்த மரபணுவைச் சுமக்கணுமா?"

"வெட்கப்பட ஒண்ணுமில்லன்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

"அது மேடைக்கு. இது என் தங்கச்சி குடும்பம்." டீயை அவள் பக்கம் நகர்த்தினாள். "குடி. பத்தரைக்கு எட்டாவது பள்ளிக்கூடம்."

திர்சா டீயைத் தொடவில்லை. பிறத்தியார் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். இவள் தோளில் அல்லவா அழுதிருந்தாள்! ஆனாலும் அந்தப் பள்ளிக்குப் போனாள். கெயுலா முன்வரிசையில் உட்கார்ந்து, வழக்கம்போல் முதல் ஆளாகக் கைதட்டினாள்.

பேச்சு முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "வெளியில சொன்னப்புறம் உங்களைக் கட்டிக்க யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க. நல்ல பையன். அவனுக்கு ஒண்ணும் இல்ல, பிள்ளைக்கும் நோய் வராது. ஆனா அவன் பெரியம்மா வேண்டாம்னுட்டாங்க."

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது போல."

"தெரியும். இந்த ஊர்ல அவங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல." திர்சா முன்வரிசையைப் பார்த்தே சொன்னாள். கெயுலா கைப்பையில் எதையோ தேடினாள்.

"பரிசோதனை மட்டும் கட்டாயம் பண்ணிக்கோங்க. முடிவைக் கட்டிக்கப் போறவன்கிட்ட சொல்லுங்க, போதும். வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க." மறுபடி முன்வரிசையைப் பார்த்தாள். "எங்க ஆபீஸ்லயும் சொல்லாதீங்க."