மூடியைத் திறந்தால் கரண்ட் நிற்கும்

தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே பாத்திரத்துக்குள் அனுப்புவது என் தொழில். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டுமே என்பது என் கவலை. புளியந்தீவில் ஒரு சிறிய பட்டறையில் குளிப்பதற்கான ஹீட்டர்கள் செய்கிறேன். தன் கையால் செய்ததை அடுத்தவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

வாளியும் விரலும்

எங்கள் பக்கம் பலர் வாளிக்குள் ஹீட்டர் கோலைப் போட்டுத்தான் தண்ணீர் சுடவைப்பார்கள். சுவிச்சை நிறுத்தாமலே விரலை விட்டுச் சூடு பார்ப்பார்கள். அந்த விரலை நினைத்துத்தான் மூடி போட்ட பானை ஹீட்டரை வடிவமைத்தேன். மூடி பொருந்தினால்தான் கரண்ட் போகும், திறந்தால் நின்றுவிடும்.

வவுணதீவிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார். மகள் சுகந்தி பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்ததும் நொச்சி இலையும் பாவட்டை இலையும் அவித்த தண்ணீரில் அவளைக் குளிப்பாட்ட வேண்டும். விறகடுப்பில் பெரிய பானையை ஏற்றி இறக்க அக்காவின் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. மூடியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ட புள்ளைக்கு ஒண்டும் ஆகாதெண்டு நீங்க சொன்னா, கொண்டு போறன் தம்பி."

எட்டிப் பார்க்க விடாத பானை

ஆகாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். எந்தத் துணிவில் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். பிள்ளை பிறந்த கிழமையே தொலைபேசியில் முறைப்பாடு வந்தது. தண்ணீர் கொதிக்கவே இல்லையாம். "மூடியைத் திறக்காதீங்க அக்கா" என்றேன்.

"திறக்காட்டி இலை அவிஞ்சிட்டா எண்டு எப்பிடித் தெரியும்? மாமியார் காவலை விட மோசமாக் கிடக்கு தம்பி உங்கட ஹீட்டர்!"

டியூப் துண்டு

மறுநாள் காலை பாலம் தாண்டிப் போனேன். மூடி கழன்று தரையில் கிடந்தது. விளிம்பில் மூடி அழுத்த வேண்டிய சுவிச்சை அக்காவின் மருமகன் தீபன் சைக்கிள் டியூப் துண்டால் அழுத்திக் கட்டியிருந்தான். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அக்கா அலுமினிய அகப்பையோடு குனிந்தார். "அகப்பையை உள்ள விடாதீங்க!" என்று கத்திக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே குழந்தை வீறிட்டது.

அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சூடேறும் கம்பியின் உறையை அது எப்போது அரித்து முடிக்கும் என்று எனக்கே தெரியாது. தண்ணீரில் கரண்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடும் ட்ரிப் சுவிச் வீட்டில் இருந்தது. ஆனால் அது வேலை செய்கிறதா என்று யாரும் அழுத்திப் பார்த்ததில்லை. இதையெல்லாம் தீபனிடம் சொன்னேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "புள்ளை பெத்தவ பச்சைத் தண்ணியிலயா குளிக்கிற? கரண்ட் நிண்டு நிண்டு வந்தா நான் என்ன செய்யிற, அண்ணன்?"

மணம்

அன்று விறகடுப்பில்தான் தண்ணீர் வைத்தார்கள்; நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அக்கா மூடியைத் திறந்தாரே தவிர, தண்ணீரைப் பார்க்கவில்லை. முகத்தைச் சாய்த்து ஆவியை மணந்தார். இலையின் பச்சை மணம் போய்விட்டதா என்று அறியத்தான் அத்தனை திறப்பும். விரலுக்குக் காவல் போட்ட நான் மூக்கை நினைக்கவே இல்லை.

ஹீட்டரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, மூடியில் ஆவி வெளியேற ஒரு குழாய் வைத்தேன். கம்பியை மாற்றி, இலைக்குத் துளையிட்ட கூடை ஒன்றைத் தொங்கவிட்டு, சுவிச்சை யாரும் கட்ட முடியாதபடி உள்ளே மறைத்தேன். திரும்பக் கொண்டுபோன அன்று அக்கா மூடியைத் தொடவில்லை. குழாயருகே மணந்து பார்த்து "அவிஞ்சிட்டு" என்றார். பிளக்கைக் கழற்றிய பிறகே திறந்தார். தீபன் வாளி வாளியாகச் சுமந்தான். சற்று நேரத்தில் குளியலறையிலிருந்து சுகந்தியின் குரல் கேட்டது: "அம்மா, இண்டைக்குத்தான் மேல் நோவு விட்டாப்போல கிடக்கு. இன்னொரு வாளி ஊத்துங்க."

அதைக் கேட்ட பிறகும், பிளக் கழன்றுதான் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே வேலிப் படலையைத் தாண்டினேன். இந்தத் தொழிலில் மனநிம்மதி வெதுவெதுப்புக்கு மேல் ஏறுவதில்லை.