என் உடம்பின் சேதியை நானே மொழிபெயர்த்தேன்

1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். மொன்றியல் டவுன்டவுனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்று. எனக்கு அப்போது பதினேழு வயது. இதை வாசிக்கும் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் இங்கே வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறத்தைத் துப்புரவு செய்யும் வேலை. அம்மா குளிர்கோட்டுகள் தைக்கும் ஃபாக்டரி ஒன்றில் இருந்தார். இருவருக்கும் பிரெஞ்சு ஏறவே இல்லை, ஆங்கிலமும் அரைகுறைதான். நான் ஒரே வருடத்தில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வாய் நான்தான். வீட்டுச் சொந்தக்காரரோடு ஹீட்டருக்காகச் சண்டை பிடிப்பதும் நான், அம்மாவின் பித்தப்பையில் கல் இருக்கிறது என்று அம்மாவுக்கே சொன்னதும் நான்.

என்னோடு படித்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் பெரிய பிள்ளையாகிவிட்டார்கள். எனக்கு மட்டும் மாதவிலக்கு வரவில்லை. வெளியே பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. உயரமாக வளர்ந்திருந்தேன், மார்பு வளர்ந்திருந்தது, பள்ளிக்கூட வொலிபோல் அணியிலும் இருந்தேன். அதே கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்த பெரியம்மாவின் மகள் என்னைவிட மூன்று வயது இளையவள். அவளுக்குச் சாமத்திய வீடு நடந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் பூப்புனித நீராட்டு விழாவை அப்படித்தான் சொல்வோம். அந்த மண்டபத்தில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் அம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: “உங்கடை மூத்தது இன்னும் இல்லையோ?” அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஆனாலும் ‘மூத்தது’ என்றுதான் கேட்பார்கள்.

அன்றிரவே, மாதவிலக்கை வரவைக்கவென்று உளுத்தங்களி தொடங்கியது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் சேர்ந்துகொண்டன. கடைசியில் பள்ளிக்கூடத் தாதி ஒருவர்தான் என்னை டொக்டரிடம் போகச் சொன்னார். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள், திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். பிறகு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அப்பா டோர்வலில் வேலை முடித்து, வேலைச் சட்டையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். டொக்டரின் அறையில் எங்களுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், அதே ஆஸ்பத்திரியில் வேறொரு பிரிவில் டொக்டர். மொழிபெயர்க்க வரச்சொல்லி அவரைக் கேட்டிருக்கிறார்கள். நான் இருக்கும்போது இன்னொரு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

“நீ கொஞ்சம் வெளியே உட்காரும்மா. அம்மா அப்பாகிட்ட பேசிட்டு உன்னைக் கூப்பிடறோம்” என்றார் அவர். குரல் கனிவாகத்தான் இருந்தது.

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரிய டொக்டரைப் பார்த்து, இது என் உடம்பைப் பற்றியது, நான் வெளியே போகமாட்டேன் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் நரைத்த தாடிக்காரர், கெட்ட மனிதர் அல்ல. இந்த வயதுப் பெண்கள் சில விஷயங்களைத் தாங்கமாட்டார்கள், பெற்றோர் பக்குவமாகப் பிறகு சொல்வார்கள் என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். இப்படியான பெண்களுக்கு உண்மையைச் சொல்லக்கூடாது என்றே டொக்டர்களுக்குப் படிப்பித்தார்களாம். இது எனக்குப் பின்னர் தெரியவந்தது.

இந்த மாகாணத்தில் பதினாலு வயது கடந்தால் தன் வைத்தியத்துக்குத் தானே சம்மதம் சொல்லலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு நான் எப்படிச் சம்மதம் சொல்வது என்று கேட்டேன்.

பெண் டொக்டர் நடந்ததை அம்மாவுக்குத் தமிழில் சொல்லி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

அம்மா கைப்பையின் பட்டியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, “அவள் இருக்கட்டும். எங்கடை வீட்டிலை அவள் இல்லாமல் நாங்கள் ஒண்டும் கதைக்கிறேல்லை” என்றார்.

பெரிய டொக்டர் பெருமூச்சு விட்டு, அலுமாரியிலிருந்து பெண்ணின் இடுப்புப் பகுதியைக் காட்டும் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை எடுத்தார். அதிலிருந்து இளஞ்சிவப்பு நிறத் துண்டு ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்தார். எனக்கு அது இல்லை என்றார்.

பெண் டொக்டர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அவருடைய சென்னைத் தமிழும் நடுநடுவே வந்த ஆங்கிலமும் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அப்பா பழக்கதோஷத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லத் தொடங்கினேன். ஆனால் அந்த உறுப்புக்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வயதில் ஊரைவிட்டு வந்தவளுக்கு அந்தச் சொல் எங்கே தெரியும்? “கர்ப்பப்பை” என்று பெண் டொக்டர் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

“அம்மா, எனக்குக் கர்ப்பப்பை இல்லையாம்” என்று நான் சொன்னேன். அம்மா ஒரு சத்தமும் இல்லாமல் அழத் தொடங்கினார்.

அழுகையினூடே மிச்சத்தையும் கேட்டோம். தாய் வயிற்றில் முதல் சில கிழமைகளில் எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆணாக வளரும் வழியும் பெண்ணாக வளரும் வழியும் இரண்டுமே திறந்திருக்கும். சில குழந்தைகளின் வயிற்றுக்குள் விதைச்சுரப்பி உருவாகி இரண்டு விதமான ஹோர்மோன்களைச் சுரக்கும். ஒன்று, கர்ப்பப்பை உருவாகாமல் தடுக்கும். மற்றது, உடம்பை ஆணின் உடம்பாக வளர்க்கும். என் குரோமோசோம்கள் ஆண்பிள்ளைகளுக்கு இருப்பவை. எனக்கும் விதைச்சுரப்பி உருவானது. முதல் ஹோர்மோன் தன் வேலையைச் செய்தது. இரண்டாவது ஹோர்மோன் எவ்வளவு சுரந்தும், என் உடம்பில் அதை ஏற்றுக்கொள்ளும் இடமே இல்லை. ஆகவே என் உடம்பு பெண்ணாகவே வளர்ந்தது. அதே ஹோர்மோனில் ஒரு பகுதி பெண் ஹோர்மோனாக மாறி எனக்கு மார்பையும் கொடுத்தது. அந்தச் சுரப்பிகள் இன்னும் என் வயிற்றுக்குள் இருக்கின்றன.

டொக்டர் ‘சுரப்பி’ என்ற பொதுச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சுரப்பி என்று நான் துருவித் துருவிக் கேட்டபிறகே சரியான பெயரைச் சொன்னார். அதையும் பெண் டொக்டரிடம் கேட்டுத் தமிழாக்கினேன்.

அப்பா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல, வீட்டுச் சொந்தக்காரரிடம் எதையோ கேட்கச் சொல்வதுபோல, “அப்ப எங்கடை பிள்ளை ஆம்பிளைப் பெடியனோ எண்டு டொக்டரிட்டைக் கேள்” என்றார்.

வாழ்க்கையில் முதல்தடவையாக அப்பா சொன்னதை நான் மொழிபெயர்க்க மறுத்தேன். “அதை நான் அவரிட்டைக் கேக்கமாட்டன் அப்பா. அவருக்கு என்னை அரை மணித்தியாலம்தான் தெரியும். உங்களுக்குப் பதினேழு வருசமாத் தெரியும்.”



டொக்டர் தொடர்ந்தார். சுரப்பிகளில் பிற்காலத்தில் புற்றுநோய் வரக் கொஞ்சம் வாய்ப்பிருப்பதால் அடுத்த மாதமே ஒப்பரேஷன் செய்து எடுத்துவிடலாம். யாரும் கேட்டால், சரியாக வளராத சூலகங்களை, அதாவது பெண்ணின் முட்டைப்பைகளை, எடுத்ததாகச் சொல்லிவிடுங்கள் என்றார். இரண்டுக்கும் மாட்டேன் என்றேன். இல்லாத சூலகத்தை இருந்ததாக நான் ஏன் சொல்லவேண்டும்? ஒப்பரேஷன் அவசரமா என்று கேட்டேன். அவசரமில்லை என்று ஒத்துக்கொண்டார். அப்படியானால் ஒழுங்காக வந்து பரிசோதனை செய்துகொள்கிறேன், விளங்கியபிறகு நானே முடிவு சொல்கிறேன் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பெண் டொக்டர் மட்டும் போகும்போது என் தோளைத் தொட்டு, “நிறையப் படி. கேள்வியை எழுதிட்டு வா. நான் இங்கதான் இருக்கேன்” என்றார்.

சொன்னபடி படிக்கத்தான் போனேன். பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தில், தடித்த புத்தகம் ஒன்றில், என்னைப் போன்ற ஒரு பெண்ணின் படம் இருந்தது. உடுப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி எடுத்திருந்தார்கள். கண்களுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டி. அவள் யாரென்று தெரியக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. உடம்பைக் காட்டலாம், முகத்தைக் காட்டக்கூடாது. அன்றைக்கு அந்த மேசையில் அழுதேன், முதலும் கடைசியுமாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா இறங்கி வந்து சமையலறையில் அம்மாவோடு இருந்தார். கையில் சிவப்புப் பட்டுச் சேலை. அம்மா அவரிடம் ‘ஏதோ வளர்ச்சிக் குறை’ என்று மட்டும் சொல்லியிருந்தார். பெரியம்மாவிடம் முழுத் திட்டமும் இருந்தது. ஏப்ரலில் மண்டபம் எடுப்பது, பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று சொல்லிச் சடங்கைச் செய்துவிடுவது. “ஆர் வந்து பாக்கப் போகினம்? சனத்தின்ரை வாய் அடங்கும். நாளைக்கு ஒரு கலியாணம் பேசவும் வழி இருக்கும்” என்றார். அம்மா சேலையைத் தடவிப் பார்த்தார். அந்த விரல்களைப் பார்த்ததும், அம்மா சம்மதித்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்மேல் கோபம் வரவில்லை. அவருக்குக் களைத்துப் போயிருந்தது.

நான் குசினிக்குள் போய்ப் பெரியம்மாவுக்கு எதிரே இருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு, “பெரியம்மா, எனக்குக் கர்ப்பப்பை இல்லை. எனக்கு இது ஒருநாளும் வராது. பொய்யாய்த் தண்ணி வார்க்க நான் இருக்கமாட்டன்” என்றேன்.

அவர் காதைப் பொத்தாத குறை. “மெல்லக் கதையடி. வெளியிலை ஆருக்கும் தெரிஞ்சால்?”

“தெரியட்டும். கேட்டால் நானே சொல்லுவன்.”

“உனக்கு வெக்கமில்லை. உன்னைப் பெத்த கொப்பர் கோத்தையைப் பற்றி யோசிச்சியோ?”

அப்போதுதான் அப்பா கூடத்திலிருந்து எழும்பி வந்து குசினி வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு என்னோடு அவர் சரியாகப் பேசியிருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில்கூட என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். எனக்கு எதிராக ஏதோ சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“மச்சாள், சேலையை எடுத்துக்கொண்டு போங்கோ” என்றார். “என்ரை மகள் பொய் சொல்ல மாட்டன் எண்டால், நாங்களும் சொல்லமாட்டம்.”

‘மகள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். அன்று ஆஸ்பத்திரியில் அவர் கேட்கச் சொன்ன கேள்விக்கு அவரே சொன்ன பதில் அதுதான். அம்மா சேலையை மடித்துப் பெரியம்மாவின் பையில் வைத்தார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். பெரியம்மா இரண்டு வருடம் எங்கள் கதவைத் தட்டவில்லை. கோயிலில் சிலர் அம்மாவின் பக்கத்தில் இருக்காமல் தள்ளி இருந்தார்கள். கேட்டவர்களுக்கு நான் சொன்னேன். சொன்னதைவிட இரண்டு மடங்கு சேர்த்து ஊரெல்லாம் பரவியது. அம்மா பேரப்பிள்ளை இல்லையே என்று பல வருடம் ஏங்கினார், அதற்கு என்னிடம் ஆறுதல் இருக்கவில்லை. ஒப்பரேஷனை இருபத்தாறாவது வயதில், எல்லாம் படித்து, நானே நாள் கேட்டுச் செய்துகொண்டேன். அதிலிருந்து தினமும் ஒரு ஹோர்மோன் மாத்திரை. இப்போது மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலை. நான் கலியாணம் செய்தேனா இல்லையா என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். என் கதை நல்லதா கெட்டதா என்று அதை வைத்து அளப்பவர்களுக்கு அளவுகோல் எடுத்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கேயாவது ஒரு வீட்டில், உளுத்தங்களிக் கிண்ணத்துக்கு முன்னால், தனக்கு என்ன என்று தெரியாமல் ஒரு பிள்ளை இருக்கலாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்வேன்: உன்னைப் பற்றிய பேச்சு நடக்கும் அறையைவிட்டு எழும்பிப் போகாதே. யாரும் அறியாத காலத்திலேயே என் உடம்பு தன் வழியைத் தானே பார்த்து வளர்ந்தது, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.