கல் பொறுக்கித் தேர்ந்தெடுத்த ஜெபப் புத்தகம்

தாராவி வேதக்கோயிலில் எங்கள் மாதர் சங்கம் இன்று இரண்டு ஜெபப் புத்தகங்களுக்குப் பரீட்சை வைத்தது. தேறுவதைத்தான் லெந்து நோன்பு நாட்களில் எல்லாரும் படிக்க வேண்டும்.

எங்கள் முறை தெரிந்ததுதானே? நான் உரக்க வாசிப்பேன். மற்றவர்கள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவார்கள், என் வீட்டு அரிசியையும் சேர்த்து. பொறுக்கும் கை நின்றால் புத்தகம் பாஸ்.

முதல் புத்தகம் உபவாசத்தின் மேன்மையைச் சொன்னது. கைகள் முன்னைவிட வேகமாக ஓடின.

"ஏட்டி, யுத்தம் வந்து அரிசி ரேஷனானதுல இருந்து நாம அதத்தான செஞ்சிக்கிட்டு இருக்கோம்" என்றார் ஞானம்மா அக்கா.

இரண்டாவது, ஒரு போதகர் எழுதியது. முழங்காலில் நின்று கண்ணை மூடினால், மத்தியானம் என்ன குழம்பு என்பதுதான் தமக்கு முதலில் நினைவு வருகிறதாம்.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு முறமும் அசையவில்லை.

"போதகரய்யாவுக்குமா! அத இன்னொருக்க வாசிட்டி!"

சிரிப்பு அடங்கும்வரை திரும்பத் திரும்ப வாசித்தேன். ஏகமனதாகப் பாஸ்.

இரவு என் வீட்டுக்காரர் முதல் கவளத்திலேயே 'கடக்'கென்று கடித்தார். தாடையைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்ன, இன்னைக்குப் புஸ்தகம் ரொம்ப நல்லாருந்துச்சோ?"

சங்கத்துச் சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பற்களெல்லாம் சுகமா?