தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவள்

கதவைத் தட்டுவதற்கு முன் அவள் வலது கையை உடுப்பில் துடைத்துக்கொள்வாள். நடுவிரலை மட்டும் மடக்கி, முட்டியால் இரண்டு தட்டு. பிறகு ஓர் அடி பின்னால் நகர்ந்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நிற்பாள்; திறப்பவர்கள் எந்தக் கோலத்தில் வந்தாலும் தன் கண்ணில் பட வேண்டாம் என்று. வீடு அவளுடையது. அந்தக் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்தவளும் அவள்தான். சீசன் முடிந்து வாடகைக்கு வந்தவர்கள் போன பிறகும் பழக்கம் விடாது. காலி வீட்டின் முன் நின்று இரண்டு தட்டு தட்டுவாள். அப்புறம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு உள்ளே போவாள்.

ஊருக்கு அவள் மெக்கானிக் சம்சாரம். ஆறு கடலில் சேரும் இடத்தில் குறுக்கே படுத்துக் கிடக்கும் மணல்திட்டு, அலைகளையெல்லாம் வெளியிலேயே நிறுத்திவிடும். உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் கிடக்கும். அதற்காகவே வெயில் பிறந்ததும் பட்டணத்துக்காரர்கள் பாய்ப்படகு ஓட்ட வந்து குதிப்பார்கள். அவர்கள் உள்ளே வந்தால் ஊர்க்காரர்கள் வெளியே போக வேண்டும். மெக்கானிக் குடும்பம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் படகு ஷெட்டுக்குப் போகும். பிரித்துப் போட்ட என்ஜின்களுக்கும் கவிழ்த்து வைத்த படகுக்கும் நடுவில் மெத்தை. தலையணையில் பெட்ரோல் வாசனை. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது.

“என்னக்கா, உன் வீட்டுக்கு நீயே விருந்தாளியா?” என்று ஐஸ்காரர் வருஷம் தவறாமல் கேட்பார்.

“உன் ஐஸை எடுத்து உன் வாயிலயே அடை” என்று வருஷம் தவறாமல் அவளும் சொல்வாள்.

அதெல்லாம் பழகிப்போனதுதான். இந்த வருஷம் பழகவில்லை. சீசன் கடைசியில் நடக்கும் படகுப் போட்டியில், இதுவரை யாரோ ஒருவர் படகில் பாய்க்கயிறு இழுத்துக்கொண்டிருந்த அவள் மகள், முதல் தடவையாகச் சுக்கான் பிடிக்கிறாள்.

படகுத்துறையில் நின்றால் புறப்படுவது தெரியும், வந்து சேர்வது தெரியும். நடுவில் உள்ளதையெல்லாம் ஐஸ் ஃபேக்டரி மறைத்துக்கொள்ளும். போட்டியே அந்த நடுவில்தான். சிவப்பு மிதவையைச் சுற்றித் திரும்புகிற இடத்தில். அது தெளிவாகத் தெரிவது ஊரிலேயே ஒரே ஜன்னலில். அவள் வீட்டு மாடி ஜன்னலில்.

“மேனேஜர் வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க” என்றாள் புருஷனிடம். பேங்க் மேனேஜர் குடும்பம்தான் பல வருஷமாக அந்த வீட்டுக்கு வருகிறது. “மூலையில நின்னு பாத்துட்டு வந்துடறேன்.”

கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிரவில்லை. “வாடகைக்கு விட்ட வீட்டுல போய் நிப்பியா? நல்லாவா இருக்கும்?”

“என் பொண்ணு சுக்கான் பிடிக்கிறா.”

“துறையில நின்னு பாரு. எல்லாரும் அங்கதான நிக்கிறாங்க.”

“எல்லாருக்கும் மாடி வீடு இல்ல. எனக்கு இருக்கு. கேளுங்க.”

மறுநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கேட்டேன். அவங்க ஆளுங்க நிறைய வராங்களாம். எடம் பத்தாதாம்.”

அன்றிலிருந்து அவளுக்குக் கொதி அடங்கவில்லை. மேனேஜர் வீட்டுக்குத் துவைத்துக் கொடுக்கும் துண்டுகளை மடிப்பதே அறைவதுபோல் இருந்தது. மெத்தையில் மணலோடு ஏறிய பிள்ளைகளை, குளியலறையில் காய்ந்த ஈர உடுப்பை, தன் பாத்திரத்தில் தீய்ந்த பாலை, எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே வைது தீர்த்தாள். எடம் பத்தாதாமே! யார் வீட்டு எடம்?

போட்டி நாள். விசில் ஊதியதும் பாய்கள் விரிந்து ஒன்றையொன்று முட்டாத குறையாக நகர்ந்து ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் மறைந்தன. துறையில் நின்ற கூட்டம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவளும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

கையைத் துடைக்கவில்லை. தட்டவில்லை. நீலக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மாடியேறினாள்.

அறையில் மேனேஜரும் அவர் சம்சாரமும் மட்டும் இருந்தார்கள். ஆளுங்களும் இல்லை, கீளுங்களும் இல்லை. ஊரையே உட்கார வைக்கலாம். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததில் எண்ணெய் விழுந்தது.

அந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்தாள். ஓடிவந்து இவள் முழங்கையைப் பிடித்தாள். “பாத்து, பாத்து. மெதுவா வாங்கக்கா. இப்படி உள்ள தள்ளி உக்காருங்க. எலுமிச்சம்பழம் ஏதாவது நறுக்கித் தரட்டுமா?”

“கைய விடும்மா. என் வீட்டுல எனக்கு நடக்கத் தெரியும்.”

நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். கம்பியில்லாத, இடுப்புயர ஜன்னல். முழுக் கழிமுகமும் கண்ணுக்குள் வந்து விழுந்தது. மிதவையை நெருங்கிய படகுகளில் மகளுடையது மூன்றாவது. முன்னால் போன இரண்டும் அகலமாக வளைய, மகள் படகு சரிந்து, மிதவையை உரசுகிற மாதிரி உள்வட்டத்தில் நுழைந்தது. ஒரு படகு பின்தங்கிவிட்டது.

“விடாதடி! இழு! விடாத!” ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு தொங்கக் கத்தினாள். பின்னால் ஏதோ இழுப்பதுபோல் இருந்தது. திரும்பினால், மேனேஜர் சம்சாரம் அவள் உடுப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடித்துவிட்டு வந்தவளைப் பிடிப்பதுபோல. அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

மகள் இரண்டாவதாக வந்தாள். இவள் உடுப்பை உதறி விடுவித்துக்கொண்டு படியிறங்கினாள்.

“அடுத்த சீசனுக்கு அந்தக் கும்பல் என் வாசப்படி மிதிக்கக் கூடாது. வந்தா வீட்டையே இடிச்சுருவேன்” என்றாள் அன்று ஷெட்டில். எதற்கெடுத்தாலும் கணக்குப் பேசும் மனுஷன், ஸ்பேனரைத் துடைத்தபடி, “சரி” என்றார். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த வெயிலுக்கு முன் அந்த அம்மாள் போன் செய்தபோது மெக்கானிக் வேலையாக வெளியூர் போயிருந்தார்.

“வீடு இல்லீங்க. வேற ஆளுக்குக் குடுத்தாச்சு.”

“பரவால்லக்கா.” கொஞ்சம் தயங்கினாள். “உங்களுக்கு மயக்கமெல்லாம் இப்ப தேவலையா?”

“எந்த மயக்கம்?”

அப்போதுதான் தெரிந்தது. வருஷா வருஷம் போட்டிக்கு முதல் நாள் அந்த அம்மாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, “அக்காவ மேல வரச் சொல்லுங்க, நாற்காலி போட்டு வைக்கிறோம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வருஷா வருஷம் அவர் சொன்ன பதிலும் ஒன்றுதான்: “அவளா? உயரத்துல நின்னு தண்ணியப் பாத்தா மயக்கம் போட்டு விழுந்துடுவாம்மா.”