காயாத அரக்கு

ஒரு பழைய டப்பாவைத் தூக்கி எறியச் சொன்னால் போதும், அவருக்கு உயிரே போய்விடும். பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பேரும் முதுகுக்குப் பின்னால் அவரை ‘டப்பாத் தச்சர்’ என்றுதான் சொல்வார்கள். மேல்தட்டு முழுக்க துருப்பிடித்த வார்னிஷ் டப்பா, மர விரிசலை அடைக்கும் பட்டி கல்லாய் இறுகிய டப்பா, எந்தக் காலத்தில் கரைத்ததோ தெரியாத அரக்கு பாலிஷ். “நல்ல சரக்கு, கெட்டா போகும்?” என்று ஒரே பாட்டு.

கெட்டுத்தான் போகும்! சொல்லிச் சொல்லி அவர் மனைவிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். மரம் இழைப்பது அவர், பாலிஷ் போடுவது அவள். வார்னிஷ் மேலே ஆடை கட்டினாலும் அதை எடுத்துவிட்டு, அடியில் இருப்பதை வடிகட்டிப் பார்க்கலாம். அரக்கின் கதை வேறு. செதிலாக உலர்ந்து கிடந்தால் நெடுநாள் தாங்கும். ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டால் சில மாதங்களில் குணம் கெட்டுவிடும். அப்புறம் பூசினால் மினுக்கத்துக்குக் குறைவிருக்காது, தொட்டால் காய்ந்ததுபோலவும் இருக்கும், ஆனால் உள்ளே காயவே காயாது. அதனால் அவள் தேவைக்கு மட்டும் கரைப்பாள். கண்ணாடித் துண்டில் ஒரு துளி தடவி, அது காய்ந்து நகத்துக்கு உடைகிறதா என்று பார்த்த பிறகே மரத்தைத் தொடுவாள்.

இவ்வளவு பாடுபட்டும் பெயர் என்னவோ அவருக்குத்தான். வருகிறவர்கள் பளபளப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “தச்சர் கையே கை!” என்பார்கள். இவர் சிரித்துக்கொண்டு நிற்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளைத் தேடி முதல்முறையாக ஒருத்தி வந்தாள். பக்கத்துத் தெருத் தையல்கடைக்காரம்மா. “துணி வெட்டுற மேசைக்கு நீங்களே பாலிஷ் போடுங்கக்கா. நல்லா வந்தா புதுக் கடை அலமாரி, கண்ணாடிச் சட்டம் எல்லாம் உங்க பொறுப்பு. உங்ககிட்டதான் பேசுவேன், அண்ணன்கிட்ட இல்ல.” அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். புதிதாகக் கரைத்து, கண்ணாடியில் பார்த்து, கை கடுக்கப் பூசி அனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். துணியெங்கும் பழுப்புக் கறை.

“மேசைல விரிச்சேன், ஒட்டிக்கிச்சு. ஊரார் துணிக்கா! நான் என்ன பதில் சொல்றது?”

பாலிஷ் போட்டவள் துணியை வாங்கிக் கறையைத் தடவிப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் உளியைக் கீழே வைத்தார்.

“அவ அவசரப்பட்டிருப்பாம்மா. நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கணும்.”

அவசரமா? அவளா? ஜன்னல் விளிம்பில் கிடந்த கண்ணாடித் துண்டை எடுத்து நகத்தால் சுரண்டினாள். அரக்கு பொடிப்பொடியாகத் தெறித்தது. அவள் கரைத்ததில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் பிறகு எதையோ கலந்திருக்கிறார்கள். மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தாள். பழைய அரக்கு டப்பா இருந்த இடம் காலி. அது மரத்தூள் குவியல் ஓரத்தில், சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்ந்து கிடந்தது. ஒரு பொருளையும் வீணாக்காத மகராசன்!

“இத எதுல ஊத்தினீங்க?”

அவர் பின்கழுத்தைச் சொறிந்தார். “சும்மாதானே கிடந்துச்சு. நீ சாப்பிடப் போனப்போ புதுசோட சேர்த்தேன். சேர்ந்தா சரியாயிடும்னு...”

ஊற்றியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். மனுஷனின் புத்தி அவ்வளவுதான் என்று தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பாள். ஊற்றியது தன் கை என்று தெரிந்தும், வந்தவள் முன்னால் வாய் கூசாமல் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“என்கிட்ட சொல்லாதீங்க. அவங்ககிட்ட சொல்லுங்க.”

“நான்தாம்மா... கொஞ்சம் பழசு...” என்று முணுமுணுத்தார்.

“கேக்கல. என்மேல பழி போட்டப்போ குரல் நல்லாத்தானே இருந்துச்சு?”

மரம் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கெட்டுப்போன பாலிஷ கலந்தது நான்தான். அவமேல தப்பில்ல,” என்றார், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

ஸ்பிரிட் கேனையும் பழந்துணிகளையும் எடுத்துக்கொண்டாள். மேசையைச் சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து பூச வேண்டும். “நானும் வரேன், கேன் கனமா இருக்கும்,” என்று அவர் கையை நீட்டினார்.

“வேணாம். வாங்கம்மா, போகலாம்,” என்று தையல்கடைக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

“அலமாரியும் நீங்கதான்க்கா,” என்றாள் அந்த அம்மா, நடந்துகொண்டே.

“செய்றேன். ஆனா மரவேலைக்கு வேற தச்சரப் பாருங்க.”