கைகள் ஒரு பையில், காலர்கள் ஒரு பையில்

அந்தக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ‘டோக்கன்’ என்றால்தான் தெரியும். ரயில் நிலையத்தில், பயணிகள் மறந்து விட்டுப்போகிற சாமான்களை வாங்கி வைத்து, உரியவர் வந்து அடையாளம் சொன்னால் திருப்பித் தருகிற கவுன்ட்டரில் அவருக்கு வேலை. சேர்ந்த நாள் முதல் அதே கவுன்ட்டர், அதே நாற்காலி. குடை, கைப்பை, ஊன்றுகோல், ஒருமுறை ஒரு முழுப் பல்செட் என்று மனிதர்கள் எதையெல்லாம் மறப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அதனாலேயே மனித இனத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் இளக்காரம்.

குடை வந்தால் குடைகளோடு வைப்பார், பை வந்தால் பைகளோடு. இப்படி இனம் வாரியாக அடுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு டோக்கனைக் கட்டித் தொங்கவிடுவார். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். பார்வையிட வந்த மேலதிகாரி ஒருவர், “பிரமாதம்!” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அடுத்த நிமிடமே மறந்திருப்பார். கேட்டவர் மறக்கவில்லை; அந்தப் பிரமாதத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டில் மனைவியும் கல்லூரிக்குப் போகிற ஒரு மகளும். வீட்டை ஒழுங்குபடுத்த அவர் கண்டுபிடித்த முதல் குறுக்குவழி சமையலறையில் அரங்கேறியது. உப்பு ஒரு பாட்டிலில், சர்க்கரை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், டீத்தூள் வாங்கின பாக்கெட்டிலேயே என்று இருந்ததைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. ஒரே உயரத்தில் வெள்ளை டப்பாக்களாக வாங்கி வந்து எல்லாவற்றையும் அதில் கொட்டினார். முகப்பு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காகப் பெயர்ச்சீட்டுகளை மூடியின் மேல் ஒட்டினார். டப்பாக்களைக் கழுவும்போது மூடிகள் இடம் மாறும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. மகளின் சிநேகிதிகள் வந்த அன்று எல்லோரும் உப்புப் போட்ட டீ குடித்தார்கள். மூடியை மாற்றியது யார் என்று ஒரு மணி நேரம் விசாரணை நடந்தது. மூடியில் ஒட்டியது யார் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

ரிமோட் தொலையாமல் இருக்க, அதைக் கயிற்றில் கட்டி டி.வி.க்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். அன்று முதல் அந்த வீட்டில் சேனல் மாற்ற வேண்டுமென்றால் எழுந்து நடக்க வேண்டும். துணிகளை மடிக்காமல் சுருட்டி நிற்க வைத்தால் அலமாரியில் பாதி இடம் மிச்சம் என்று கண்டுபிடித்தார். மிச்சமானது உண்மைதான். இஸ்திரி போட்ட உடையைச் சுருட்டி வைத்தால் என்ன ஆகுமோ அதுவும் ஆயிற்று. மறுபடி இஸ்திரி போட நின்று மகள் கல்லூரி பஸ்ஸைக் கோட்டை விட்டாள்.

இதற்கெல்லாம் சிகரம் இரும்பு பீரோ. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எங்கே எது இருக்கக் கூடாத இடத்தில் கிடந்தாலும், அது கேட்பாரற்ற சாமான். பீரோவுக்குள் போய்விடும். திரும்ப வேண்டுமானால் முறைப்படி கேட்க வேண்டும்.

“அப்பா, என் செருப்பைக் குடுங்க. நேரமாச்சு.”

“என்ன நிறம்?”

“நீங்கதானப்பா போன வாரம் வாங்கிக் குடுத்தீங்க!”

“அதெல்லாம் சரி. அடையாளம் சொல்லு.”

தினமும் காலையில் போனில் சொந்தக்காரர்களின் குழுவுக்கு ஒரு குறுக்குவழியை எழுதி அனுப்புவார். மைத்துனர் கட்டைவிரலைக் காட்டுவார். அக்கா இரண்டு கைகளையும் கூப்புவார். அவர்கள் வீட்டில் இதில் ஒன்றையாவது செய்து பார்த்தார்களா என்றால், மூச். ஆனாலும் அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியாமல் போயிற்று.

இந்த ராஜ்ஜியத்தில் அவர் உத்தரவு செல்லாத இடம் ஒன்றே ஒன்று. ஜன்னலோரத்தில் இருந்த மனைவியின் தையல் மெஷின். அக்கம்பக்கத்தில் அவளைத் ‘தையலம்மா’ என்பார்கள். கல்யாணமானதிலிருந்து பிறருடைய பேன்ட்டுக்கு ஜிப் மாற்றுவதும், நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவதும்தான் அவளுக்கு வந்து சேர்ந்த வேலை. ஒரு துணியை முழுசாக அளவெடுத்து, வெட்டி, தைத்து, அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் நிமிர்ந்து நடந்து போவதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குப் பல வருஷத்து ஆசை. கேட்பவர்கள்தான் இல்லை.

கடைசியில் கேட்டவர் ஒரு பல் மருத்துவமனையின் மேனேஜரம்மா. அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு நீல நிறத்தில் மேல்கோட்டு சீருடை. கடையில் மொத்தமாக வாங்கியதில் ஒன்றுகூட ஒருத்திக்கும் பொருந்தவில்லை. உயரமானவளுக்குக் கை பாதியில் நின்றது, குள்ளமானவளுக்குக் கோட்டு முழங்காலில் தட்டியது. ஒரு ஜிப்பை மாற்ற வந்தபோது மேனேஜரம்மா தையலம்மாவின் வேலையைக் கவனித்தார்.

“ஒவ்வொருத்திக்கும் தனித்தனியா அளவெடுத்துத் தைங்க. உடம்புல சரியா உக்காரணும், அதுதான் எனக்கு முக்கியம். சரியா வந்துச்சுன்னா எங்க எல்லாக் கிளைக்கும் இனிமே நீங்கதான். மூணு நாள்ல முதல் டஜன் வேணும்.”

தையலம்மாவுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. போய் அளவெடுத்தாள். ஒரு பெண்ணுக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம், இன்னொருத்திக்குப் பின்கழுத்தில் சதை அதிகம் என்று எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடித்துக்கொண்டாள். எல்லாம் ஒரே நீலத் துணி. வெட்டின துண்டுகளில் சாக்கட்டியால் எண் போட்டாள். ஒருத்தியின் முன்பக்கம், முதுகு, இரண்டு கை, காலர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கிழிசல் நாடாவால் கட்டி, அளவுச் சீட்டை ஊசியால் குத்தி, ஹால் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்தாள். பட்டன் போதவில்லை.

“ஏங்க, இது இப்படியே இருக்கட்டும். கடைக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்.”

அன்று அவருக்கு வார விடுமுறை. ‘இப்படியேவா?’ என்று அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டார்.

அவர் மனதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மனைவிக்கு இப்படி ஒரு பெரிய வேலை வந்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமை. நாளன்றைக்கு மேனேஜரம்மா வந்து பார்க்கும்போது, ‘அடேயப்பா, எப்படி வைத்திருக்கிறார்கள்!’ என்று அசந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். உதவி செய்யத்தான் உட்கார்ந்தார். உதவிக்கு வருகிறவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம்.

நாடாக்களை அவிழ்த்தார். பார்த்தால் வெறும் கிழிசல்; குப்பைக்கூடைக்குப் போயிற்று. ஊசிகளைக் கழற்றி ஊசி டப்பாவில் போட்டார். சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கிளிப் மாட்டினார். துண்டுகளில் ஏதோ வெள்ளையாக அழுக்கு இருந்தது. சட்டை துடைக்கிற பிரஷ்ஷால் ஒன்று விடாமல் சுத்தமாகத் தட்டிவிட்டார். பிறகு தன் தொழில் திறமை முழுவதையும் காட்டி, இனம் வாரியாகப் பிரித்தார். கைகள் எல்லாம் ஒரு பையில், காலர்கள் ஒரு பையில், முதுகுகள் ஒரு பையில், முன்பக்கங்கள் ஒரு பையில். ஒவ்வொரு பையிலும் அழகாக ஒரு டோக்கன். தரை கண்ணாடி மாதிரி ஆயிற்று. போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன.

தையலம்மா பட்டனோடு உள்ளே வந்தாள். தரையைப் பார்த்தாள். பைகளைப் பார்த்தாள். ஒரு பையிலிருந்து ஒரு கையை எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாக்கட்டித் தடம் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எப்படி?” என்றார் அவர், பாராட்டுக்குத் தயாராக.

அறையிலிருந்து எட்டிப் பார்த்த மகள்தான் முதலில் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோயிற்று.

“கலைஞ்சு கிடந்துச்சு. எல்லாத்தையும் சேர்த்து வச்சேன்,” என்றார் அவர், சுருதி கொஞ்சம் இறங்கி.

“சேர்ந்துதாங்க இருந்துச்சு. நீங்கதான் பிரிச்சிட்டீங்க.”

அவள் கத்தவில்லை. ஒவ்வொரு துண்டாக டேப் வைத்து அளந்து, சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். பாதித் துண்டுகள் ஒன்றுக்கொன்று நூலளவு வித்தியாசத்தில் இருந்தன. இப்படி அளந்து முடிப்பதற்குள் கெடு தாண்டிவிடும் என்று அவளுக்கே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரம்மாவுக்குப் போன் செய்தாள். வேலை கைவிட்டுப் போனாலும் போகட்டும், பொய் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்திருந்தாள்.

“அம்மா, வெட்டின துண்டெல்லாம் கலந்துபோச்சு. பொண்ணுங்களை ஒரு தடவை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? உடம்புல வச்சுப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும்.”

“எப்படிக் கலந்துச்சு?”

“வீட்டுல ஒதுக்கி வச்சாங்க.”

“அனுப்பறேன்,” என்றார் மேனேஜரம்மா.

சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் கும்பலாக வந்து இறங்கினார்கள். கூடவே மேனேஜரம்மாவும். கண்ணாடித் தரையில் செருப்புகள், ஹெல்மெட்டுகள், கைப்பைகள், தண்ணீர் பாட்டில்கள், ஈரக் குடைகள். டோக்கனுக்குக் கை துறுதுறுத்தது. ஒரு ஹெல்மெட்டை எடுத்து ஹெல்மெட்டோடு சேர்க்கப் போனார். மகள் கண்ணாலேயே ஒரு அதட்டல் போட்டாள். அவர் சமையலறை வாசலில் ஒதுங்கி நின்றார்.

தையலம்மா ஒவ்வொருத்தியாக நிற்க வைத்து, முதுகில் ஒரு துண்டை வைப்பாள், எடுப்பாள், இன்னொன்றை வைப்பாள். “இது உன்னோடது இல்ல... இரு... இதுதான். பாரு, தோள் இறக்கம்.” பெண்களுக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. “அக்கா, என் கையைக் குடுங்க!” “ஐயோ, என் கழுத்தை இவ எடுத்துட்டுப் போறா!” என்று வீடு அதிர்ந்தது. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தையலம்மாவும் சிரித்தாள். அவர் அந்தச் சிரிப்பை எப்போது கடைசியாகக் கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

எல்லாம் ஒருவழியாகச் சேர்ந்ததும், மேனேஜரம்மா வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். வெள்ளை டப்பாக்களையும், ஆணியில் தொங்கிய ரிமோட்டையும், பைகளில் இருந்த டோக்கன்களையும் நிதானமாகப் பார்த்தார்.

“வீடு ரொம்ப நீட்டா இருக்கு,” என்றார்.

டோக்கன் ஒரு அடி முன்னால் வந்தார். “நான்தாங்க மேடம்.”

“தெரியுது,” என்று அவரிடம் சொல்லிவிட்டு, தையலம்மாவின் பக்கம் திரும்பினார். “இங்க வச்சு வேலை செய்ய முடியாதும்மா. எங்க பின்கட்டுல ஒரு ரூம் சும்மா கிடக்கு. மெஷினை அங்க கொண்டு வந்துடுங்க.”

தையலம்மா புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. “சரிங்கம்மா,” என்றாள்.

கோட்டுகள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தி உடம்பில் அச்சாக உட்கார்ந்தது. எல்லாக் கிளைகளின் வேலையும் அவளுக்கே வந்தது. மெஷினும் போய்விட்டது.

ஜன்னலோரம் காலியானதும் டோக்கனுக்கு முதலில் தாங்க முடியாத சந்தோஷம். இனி ஒரு நூல், ஒரு வெட்டுத்துணி கிடையாது. கனவு கண்ட வீடு கைக்கு வந்துவிட்டது. வேலையிலிருந்து திரும்பியதும் சுற்றிச் சுற்றி வருவார். எடுத்து வைக்க ஒன்றும் இருக்காது. மகளும் கெட்டிக்காரி, தன் சாமான்களையெல்லாம் சிநேகிதியின் அறையில் வைக்கப் பழகிக்கொண்டாள், அங்கேயே படித்துவிட்டு ராத்திரிதான் வருவாள். மனைவி வரவும் இருட்டிவிடும். பீரோவைத் திறந்தால் உள்ளே வெறும் ஹேங்கர்கள்.

இத்தனை நாளாக அந்த மெஷின் சத்தம் காதைத் துளைக்கிறது என்று புலம்பியவர், இப்போது அது இல்லாமல் டி.வி.யைச் சத்தமாக வைத்தார். அதிலும் மனசு ஒட்டவில்லை. அவருக்கு அவள் வேண்டியிருந்தது. வெளிப்படையாகச் சொன்னால், ஏக்கமாக இருந்தது. அதற்கு ஒரு குறுக்குவழியும் அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளைக் கூட்டிவரலாம் என்று மருத்துவமனைக்கே கிளம்பிப் போனார்.

பின்கட்டில் நடைபாதையின் கோடியில் அந்த அறை. வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்க இடமில்லை. தரை முழுக்க நீலத் துண்டுகள், கத்தரித்த நூல், சாக்கட்டிப் பொடி, காலி டீ டம்ளர்கள். நடுவில் அவர் மனைவி, தலையில் ஒரு நூலோடு, மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண் என்னவோ சொல்ல, அவள் கடகடவென்று சிரித்தாள். அங்கே இருந்த ஒரே நாற்காலியில் தைத்த கோட்டுகள் மலைபோல் இருந்தன.

“இதைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுட்டு உக்காரட்டுமா?” என்று அவர் மெல்லக் கேட்டார்.

மெஷின் சட்டென்று நின்றது.

“எதையும் ஒதுக்க வேணாம். முடிச்சிட்டு வர்றேன், நில்லுங்க,” என்றாள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, எதன் மேலும் படாமல் வாசலிலேயே நின்றார். நடைபாதையைப் பெருக்கிக்கொண்டு வந்த அம்மாள் துடைப்பத்தை நிறுத்தி, அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அறைக்குள் எட்டிக் குரல் கொடுத்தாள்.

“அக்கா, இங்க வழியில ஒருத்தர் நிக்கிறாரே, யாரோடது?”

“என்னோடதுதான்,” என்றாள் தையலம்மா, தலையைத் தூக்காமல். “அப்படி ஓரமா தள்ளி விடு. போகும்போது எடுத்துக்கறேன்.”