மண்ணெண்ணெய்த் தேத்தண்ணி

ரொக்ஸ்பரோவில் மகள் வீட்டு செப்டிக் தொட்டியைத் திருத்தியாயிற்று. அது இன்னும் கசிந்தால் பின்பக்கக் குளத்தைத் துப்புரவாக்கிப் பயனில்லை என்று, நகரசபைப் பெண் கக்கூசில் பச்சைச் சாயம் ஊற்றினாள். குளம் பச்சையானால் நாங்கள் தோற்றோம்.

எனக்கோ பழைய நினைவில் மண்ணெண்ணெய் மணந்தது! சின்ன வயதில் பெரியப்பா எங்கள் கிணற்றடியில் கக்கூஸ் குழி வெட்டிவிட்டு, "ஒரு சொட்டும் கசியாது" என்று சத்தியம் பண்ணினார். அவர் சத்தியம் பண்ணாத நாளே இல்லை. அம்மா குழிக்குள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றினா. சில நாளில் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டு அவரிடம் நீட்டினா.

"என்ன பிள்ளை, மண்ணெண்ணெய் மணக்குது?"

"உங்கட குழிதான் அத்தான். குடியுங்கோ!"

அன்றே குழியை மூடினார்.

இங்கே ஒரு கிழமை கழிந்தும் குளம் பச்சையாகவில்லை. "பார்ஃபே, மதாம்!" எல்லாம் கச்சிதம் என்று பிரெஞ்சில் சொல்லி அந்தப் பெண் சிரித்தாள். வென்ற சந்தோஷத்தில் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். நீட்டுமுன், பழக்கதோஷம், ஒருமுறை மணந்து பார்த்தேன்.